350 சொற்களுக்குள் உங்களைப் பற்றி எழுதுவது எப்படி?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பள்ளி மாணவர், எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 ஆங்கிலச் சொற்களுக்கு மிகாமல் விடை எழுத வேண்டும். சேர்க்கையை முடிவுசெய்வதில் எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அப்பல்கலைக்கழகம் கணக்கில் கொள்வதில்லை என்பதால், மாணவர் தம்மைப் பற்றித் தாமே பேசக் கிடைக்கும் இந்த இடத்துக்கு மதிப்பு அதிகம்.

எட்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மதிப்பீட்டில் வேறுபாடு இல்லை. ஆகையால் எந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றுகிறது என்று பார்க்காமல், எதற்கு உங்களிடம் சொல்லத்தக்க செய்தி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நிகழ்வை இரண்டு விடைகளில் பயன்படுத்துவது கிடைத்த இடத்தை வீணாக்குவதாகும்.

இடம் குறைவு என்றதும் பலர் நான்காண்டுப் பள்ளிச் சாதனைகளையெல்லாம் சுருக்கித் திணிக்கிறார்கள். சுருக்குவதைவிட, சொல்லவேண்டிய நிகழ்வையே சிறிதாகத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. “சிறுவயது முதலே சமூக சேவையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு; தலைமைப் பண்பையும் வளர்த்துக்கொண்டேன்” என்று எழுதுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். “எங்கள் பள்ளி நூலகம் மாலை நான்கு மணிக்கே பூட்டப்பட்டதால், பேருந்துக்குக் காத்திருந்த மாணவர்கள் வெயிலில் நின்றார்கள்; முறைவைத்துப் பொறுப்பேற்க ஆறு பேரைச் சேர்த்து, தலைமையாசிரியரிடம் சாவியைக் கேட்டேன்” என்று எழுதினால், ‘தலைமைப் பண்பு’ என்ற சொல்லே தேவைப்படாது. தலைமையாசிரியர் முதலில் மறுத்தாரா, ஆறு பேரில் யாராவது வராமல் போனபோது என்ன செய்தீர்கள் என்பவற்றுக்குத்தான் மீதிச் சொற்களைச் செலவிட வேண்டும்.

முதல் வரைவை அளவு பாராமல் எழுதிவிட்டு, ஒரு நாள் கழித்து வெட்டத் தொடங்குங்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லும் தொடக்கமும், பொன்மொழிகளும், விண்ணப்பத்தின் வேறு பகுதியில் ஏற்கெனவே குறித்துவிட்ட விருதுகளும் முதலில் போகட்டும். அதற்கடுத்து, வினைச்சொல்லே உணர்த்திவிடும் அடைமொழிகளை நீக்குங்கள். ஆனால் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற காரணத்தை மட்டும் எவ்வளவு நெருக்கடியிலும் வெட்டாதீர்கள், ஏனெனில் படிப்பவர் தேடுவது அதையே. பெற்றோரும் ஆசிரியரும் பிழை திருத்தலாம். வாக்கியங்களையே மாற்றி எழுதினால் பதினேழு வயதினரின் குரல் அதில் மிஞ்சாது.

ஒரே விடைகள்தாம் நீங்கள் விண்ணப்பிக்கும் அப்பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களுக்கும் செல்கின்றன. எனவே பெர்க்லி என்றோ டேவிஸ் என்றோ எந்த வளாகத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டாம்.