லினக்ஸ்ல லாகின் பண்ணதும் தானா வந்து நிக்கிற ஆப்பை நிறுத்துறது எப்படி

என்கிட்ட இருக்கிறது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், அதுல லினக்ஸ் மின்ட் சின்னமன் ஓடுது. ஒரு சாட் ஆப் இன்ஸ்டால் பண்ணேன், அவ்ளோதான், அடுத்த நாள்ல இருந்து லாகின் பண்ணி பிரவுசர் திறக்கறதுக்குள்ள அது முந்திக்கிட்டு வந்து நடுவுல உக்காந்துக்குது. ஆப் வேணும், ஆனா நான் கூப்பிடறப்ப வந்தா போதும். உங்களுக்கும் இதே தலைவலின்னா, கமாண்ட் டைப் பண்ற டெர்மினல் பக்கமே போகாம முடிச்சிடலாம்.

முதல்ல அந்த ஆப்போட செட்டிங்ஸைப் பாருங்க. அங்க ஸ்டார்ட்அப்ல ஓப்பன் ஆகணுமான்னு ஒரு டிக் இருந்தா எடுத்துடுங்க. நிறைய பேர் இதை விட்டுட்டு நேரா சிஸ்டம் செட்டிங்ஸ்க்குப் போயிடுறாங்க, ஆனா சில ஆப் தன்னோட செட்டிங் ஆன்ல இருந்தா நீங்க எடுத்ததைத் திரும்ப எழுதி வச்சிடும், அப்புறம் "நேத்துதானே ஆஃப் பண்ணேன்"னு உக்காந்து புலம்பணும்.

அங்க இல்லையா, மெனுவைத் திறந்து ஸ்டார்ட்அப்னு டைப் பண்ணுங்க, ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்னு ஒண்ணு வரும். உள்ள ஒரு லிஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு ஸ்விட்ச். வேண்டாததை ஆஃப் பண்ணுங்க, லிஸ்ட்ல இருந்து தூக்க வேணாம், நாளைக்கு மனசு மாறினா ஆன் பண்ணிக்கலாம்ல. பேரே புரியாதது எதையும் தொடாதீங்க. கீரிங்னு ஏதாவது இருந்தா அது சேவ் பண்ண பாஸ்வேர்டை வச்சிருக்கற ஆள், அவரை விட்டுடுங்க. ஆப் வேணும், ஆனா மெதுவா வரட்டும்னா அங்கயே டிலே செகண்ட் கணக்குல குடுக்கலாம்.

சின்னமன் மாதிரியே லினக்ஸ்ல கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ-னு வேற டெஸ்க்டாப்பும் உண்டு. கேடிஇ வச்சிருக்கவங்க சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஆட்டோஸ்டார்ட்னு தேடுங்க. எக்ஸ்எஃப்சிஇ-ல செஷன் அண்ட் ஸ்டார்ட்அப், அதுக்குள்ள அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட். எக்ஸ்எஃப்சிஇ-ல இன்னொரு வில்லங்கம் இருக்கு, லாக்அவுட் பண்றப்ப வர்ற பெட்டியில சேவ் செஷன்னு டிக் இருந்தா அப்போ திறந்திருந்த ஆப்பெல்லாம் அடுத்த லாகின்ல திரும்ப வரும், அதுக்கும் ஆட்டோஸ்டார்ட் லிஸ்டுக்கும் சம்பந்தமே இல்ல.

இதுலயும் அடங்கலைன்னா ஃபைலைத் தேடிப் போகணும். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல் கூட ஹெச் அமுக்குங்க, புள்ளியில ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபோல்டரெல்லாம் தெரியும். அதுல புள்ளி கான்ஃபிக் (.config), அதுக்குள்ள ஆட்டோஸ்டார்ட் (autostart). அங்க உங்க ஆப் பேர்ல டெஸ்க்டாப்னு முடியற ஒரு ஃபைல் இருக்கும், ரைட் கிளிக் பண்ணி டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து [Desktop Entry]-ன்னு இருக்கற வரிக்குக் கீழ புதுசா ஒரு வரி: ஹிட்டன்=ட்ரூ (Hidden=true). இதை இங்கிலீஷ்ல அடிக்கணும், ஹிட்டன்ல முதல் எழுத்து மட்டும் கேப்பிடல், ட்ரூ முழுசும் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் வேணாம். சேவ்.

அங்க ஃபைலே இல்லைன்னா சிஸ்டம் எல்லா யூசருக்கும் பொதுவா வச்சிருக்கற இடத்துல பாருங்க, ஃபைல் மேனேஜர்ல ஃபைல் சிஸ்டம்னு இருக்கறதைத் திறந்தா இடிசி (etc), அதுக்குள்ள எக்ஸ்டிஜி (xdg), அதுக்குள்ள ஆட்டோஸ்டார்ட். அங்க நேரா கை வைக்காதீங்க. அந்த ஃபைலை காப்பி பண்ணி உங்க ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர்ல அதே பேர்ல போட்டு, அந்த காப்பியில மேல சொன்ன வரியைச் சேருங்க. ஒரே பேர்ல ரெண்டு இருந்தா உங்க ஃபோல்டர்ல இருக்கறதைத்தான் சிஸ்டம் எடுத்துக்கும், ஒரிஜினல் அப்படியே பத்திரமா இருக்கும்.

சரியாச்சான்னு பார்க்க ரீஸ்டார்ட் எல்லாம் வேணாம், லாக்அவுட் பண்ணி உள்ள வந்தா போதும், ஏன்னா இந்த லிஸ்ட் ஓடறதே லாகின் அப்பதான். லாகினுக்கு முன்னாடியே பின்னாடி ஓட ஆரம்பிக்கிற டேட்டாபேஸ், வெப் சர்வர் மாதிரி சர்வீஸ் எல்லாம் இதுல வராது, அதெல்லாம் சிஸ்டம்டி-ங்கற, சர்வீஸ்களை ஓட்டி நிறுத்துற புரோகிராம் கையில. அதுக்கு டெர்மினல் வேணும், தனியா ஒரு போஸ்ட் போடறேன்.