மகாபொல, பர்சரி: படிவத்தில் விடும் பிழைகள்

இலங்கையில் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தெரிவாகும் எங்கள் பிள்ளைகள் சிலருக்குக் கிடைக்கவேண்டிய மகாபொல புலமைப்பரிசிலும் பர்சரி என்ற உதவிப்பணமும், தகுதி இருந்தும் படிவத்தால் தவறிப்போகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 7,500 ரூபாயாகவும் பர்சரி 6,500 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. அறை வாடகையும் சாப்பாடும் பார்க்கும் பிள்ளைக்கு இது சின்னக் காசில்லை.

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) காணாது என்று மகாபொலவை நினைக்காமலே விடுகிறார்கள். திறமைக்கு ஒரு பிரிவு இருப்பதுபோல, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. அதுவும் சரிவராவிட்டால் பர்சரி கேட்கலாம். இரண்டையும் சேர்த்து எடுக்கத்தான் முடியாது.

பெரிய சிக்கல் வருமானத்தில். கடற்றொழில், கூலி, தோட்டம் செய்யும் வீடுகளில் 'வருமானம் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அப்போ எப்படிச் சீவிக்கிறீர்கள் என்ற கேள்விதான் அடுத்து வரும். தொழில் நடக்கும் மாதங்களையும், வாடைக்காற்றில் வள்ளம் கரையில் கிடக்கும் மாதங்களையும் கணக்கெடுத்து ஆண்டுக்கு ஒரு தொகை சொல்லுங்கள். கனடாவிலிருந்து மாமா எப்போதாவது அனுப்பும் காசை மறைக்கவும் வேண்டாம், மாதச் சம்பளம் மாதிரிக் காட்டவும் வேண்டாம். வெளிநாட்டு உறவினரின் மாடிவீட்டைப் பார்த்துக்கொண்டு குடியிருந்தால், வீடு யாருடையது என்பதை ஜி.எஸ்.ஸிடம் (கிராம அலுவலரிடம்) முதலே சொல்லிவிடுங்கள்.

தகப்பன் காணாமற்போன குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு தாளில் 'இறந்துவிட்டார்', இன்னொன்றில் 'பிரிந்து வாழ்கிறார்' என்றிருந்தால் விண்ணப்பம் இழுபடும். 'இறந்துவிட்டார்' என்று எழுத அந்தத் தாய்க்குக் கை வராது. எழுதச் சொல்லி அவரை நெருக்கவும் கூடாது. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே காணாமற்போனதற்கான சான்றிதழ் பெறலாம். அதை இணைத்து, எல்லாத் தாளிலும் அதே விபரத்தையே எழுதுங்கள்.

படிக்கும் சகோதரங்களின் விபரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் கணக்கில் வரும். அவர்கள் படிப்பதற்குப் பாடசாலை அதிபரின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். அப்புறம், ஜி.எஸ். ஒப்பம் வைத்தால் வேலை முடிந்துவிடாது, பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தவேண்டும். முடிவுத்திகதிக்கு முதல்நாள் ஓடினால் ஜி.எஸ். கந்தோரில் இல்லாமலும் போகலாம்.

கிடைத்த பிறகு விரிவுரைக்குப் போகாமல் விட்டாலும், முழுநேர வேலை எடுத்தாலும் காசு நின்றுவிடும். கொடுத்த படிவத்தின் போட்டோக்கொப்பி ஒன்றை வீட்டில் வையுங்கள். தம்பி, தங்கை விண்ணப்பிக்கும்போது பழைய விபரத்தோடு ஒப்பிட்டு எழுத அது வேண்டிவரும்.