எந்தக் கொடியின் கீழ் நிற்பது? பகைக் குடிகளின் கதைகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பிரபுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பகை வளர்க்கும் மிகைபுனைவு நாவலைக் கையில் எடுக்கும் வாசகர், சில அத்தியாயங்களுக்குள்ளேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். சாய்வதில் தவறில்லை, எவர் வென்றாலும் எனக்கென்ன என்று வாசிப்பவருக்கு அத்தகைய கதையின் சுவையில் பாதி கிட்டாமலே போகும். எதைக் கண்டு சாய்கிறோம், சாய்ந்தபின் எதைக் காண மறுக்கிறோம் என்பதில்தான் தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் பெரியது, கதை யாருடைய கண் வழியே சொல்லப்படுகிறதோ அவர்கள் பக்கமே நியாயம் என்று எடுத்துக்கொள்வது. 1996இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு பாத்திரத்தின் பெயரே தலைப்பு. அந்தப் பாத்திரம் காண்பதும் எண்ணுவதும் மட்டுமே நமக்குக் கிடைக்கும். முகப்பு அத்தியாயத்தை ஒதுக்கினால் அப்படி எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் ஸ்டார்க் வீட்டில் வாழ்ந்தவர்கள். எதிர்க்குடியான லானிஸ்டரில் டிரியன் ஒருவன்தான். கோபுரச் சன்னலில் தொற்றிக்கொண்டிருக்கும் ஸ்டார்க் வீட்டுச் சிறுவன் பிரானுக்கு ஜேமி லானிஸ்டர் கைகொடுக்கிறான், வயதைக் கேட்கிறான், ‘ஏழு’ என்று சிறுவன் நிம்மதியில் நடுங்கியபடி சொன்னதும் தள்ளிவிடுகிறான். அதை நாம் பிரானாக இருந்தே அனுபவிக்கிறோம். அந்தக் கணத்தில் லானிஸ்டர் என்ற பெயரே நமக்குக் கசந்துவிடுகிறது. இந்தத் தொடரில் 2000இல் வந்த மூன்றாம் நூலில்தான் ஜேமிக்குத் தன் பெயரில் அத்தியாயங்கள் கிடைக்கின்றன. தான் காக்க வேண்டிய மன்னனைத் தானே கொன்றது ஏன் என்பதையும், அந்த மன்னன் தலைநகர் முழுவதையும் எரித்துவிட ஏற்பாடு செய்திருந்ததையும் அவன் வாயாலேயே அப்போது கேட்கிறோம். பிரானைத் தள்ளிய குற்றம் அதனால் கழுவப்பட்டுவிடாது. ஆனால் அதுவரை நாம் வழங்கிவந்த தீர்ப்பு ஒரு தரப்பின் சாட்சியத்தை மட்டும் கேட்டு வழங்கிய தீர்ப்பு என்பது தெளிவாகிறது. ஆகவே எந்த நாவலிலும் பக்கம் சாய்வதற்கு முன், யாருக்குப் பேச வாய்ப்பு இன்னும் தரப்படவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு, குடும்பம் முழுவதையும் ஒற்றை ஆளாகக் கருதுவது. ஒரே வீட்டில் பிறந்த ஜேமியும் டிரியனும் ஒரே தராசில் வைக்கத் தக்கவர்கள் அல்லர். இவ்வகைக் கதைகள் பலவற்றுக்குப் பின்னணியாக நிற்கும், யார்க், லங்காஸ்டர் என்ற இரு குடிகள் இங்கிலாந்தின் அரியணைக்காக மோதிக்கொண்ட ரோஜாப் போர்களிலேயே, 1461இல் யார்க் குடியின் நான்காம் எட்வர்டு அரியணை ஏறத் தோள் கொடுத்த வாரிக் பிரபு, 1470இல் பகைக் குடியான லங்காஸ்டரோடு சேர்ந்து ஆறாம் ஹென்றியை மீண்டும் மன்னனாக்கினார். மறு ஆண்டு பார்னெட் போர்க்களத்தில் தம் பழைய மன்னனின் படைக்கு எதிராகப் போரிட்டு மாண்டார். அவரை எந்தக் குடியின் கணக்கில் எழுதுவது?

முதல் அடி யார் அடித்தது என்று தேடி நியாயத்தை முடிவு செய்வதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. நீண்ட பகையில் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இன்னோர் அடி இருக்கும். எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை எண்ணுகிறவரின் குடிதான் தீர்மானிக்கிறது.

வரலாற்று நூல் போலவே எழுதப்பட்ட கதைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மார்ட்டின் 2018இல் வெளியிட்ட ‘ஃபயர் அண்ட் பிளட்’ நூலில், பிற்காலத்து அறிஞன் ஒருவன் பழைய குறிப்புகளைத் தொகுத்து டார்கேரியன் குடியின் உள்நாட்டுப் போரைச் சொல்கிறான். அவன் கையிலுள்ள சான்றுகளில் ஒன்று மதகுரு ஒருவருடையது, மற்றொன்று அரசவைக் கோமாளியுடையது. ஒரே நிகழ்ச்சியை இருவரும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். நமக்குப் பிடித்த தரப்புக்குச் சாதகமான சான்றை மட்டும் நம்பிவிட்டு, மற்றதை வதந்தி என்று தள்ளுவது எளிது. வாசகர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் போரில் கறுப்பர், பச்சையர் என்று இரு தரப்புக்கும் வழங்கும் பெயர்களே ஒரு விழாவில் அரசியும் இளவரசியும் உடுத்திய உடைகளின் நிறத்திலிருந்து வந்தவை. நிறத்துக்கும் சின்னத்துக்கும் மயங்குவோர் இதை நினைவில் வைக்கலாம். உண்மையில் அது தாயாதிச் சண்டை. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கி, இருவர் தலையிலும் சோழர்க்குரிய ஆத்திமாலையே இருக்கிறது, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர்கிழார் புறநானூற்றின் 45ஆம் பாடலில் சொன்னது, டிராகன்கள் பறக்கும் இந்தக் கதைக்கும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இரட்டை அளவுகோல். எதிரி ஊரை எரித்தால் கொடுமை, நம் தரப்பு எரித்தால் போரின் கட்டாயம் என்று சொல்லத் தொடங்கிவிட்டால், அந்த ஊரில் இருந்தவர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள். ஜேமி பேசத் தொடங்கும் அந்த மூன்றாம் நூலில், கைதியான அவனை ஸ்டார்க் குடும்பத் தலைவியின் ஆணைப்படி அழைத்துச் செல்லும் போர்வீராங்கனை பிரியென், ஆற்றங்கரை விடுதி அருகே மரத்தில் தூக்கிலிடப்பட்ட பெண்களைக் காண்கிறாள். சிங்கங்களோடு படுத்தவர்கள் என்று எழுதிய பலகையும் அங்கே தொங்குகிறது. சிங்கம் லானிஸ்டரின் சின்னம். ஆகவே இது உன் தரப்பு செய்த வேலை என்று ஜேமி சுட்டிக்காட்டுகிறான். பிரியென் அதை மறுத்து வாதாடவில்லை, போர் என்றால் இப்படித்தான் என்று சமாதானமும் சொல்லவில்லை. தான் ஏற்ற ஆணையையும் கைவிடாமல், அந்த உடல்களை இறக்குவதற்காக மரத்தில் ஏறுகிறாள்.