சீன மாணவர்களும் ‘சாக்ரிஃபைஸ்’ என்ற வினைச்சொல்லும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் 30 சீனாவில் தியாகிகள் நாள். 2014 முதல் அரசே கடைப்பிடிக்கிறது. அந்த நாளைப் பற்றிச் சீன மாணவர் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினால் ‘ஹீ சாக்ரிஃபைஸ்ட் இன் தி வார்’ என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். போரில் அவர் உயிர்நீத்தார் என்று சொல்ல வருகிறார். வாசிப்பவரோ எதைத் தியாகம் செய்தார் என்று காத்திருப்பார். அதற்குள் முற்றுப்புள்ளி வந்துவிடும்.

தாய்மொழியில் உள்ள ‘ஷீஷெங்’தான் காரணம். அதன் இரண்டு எழுத்துகளிலும் இடப்பக்கம் மாட்டைக் குறிக்கும் கூறு உண்டு. பழங்காலச் சடங்குகளில் பலியிட்ட விலங்குக்கு உரிய சொல் அது. இன்று நேரத்தை, வசதியை விட்டுக்கொடுப்பதற்கும் அதே சொல்தான். செயப்படுபொருள் இல்லாமல் தனியே வந்தால், கடமையில் உயிர்விட்டார் என்று பொருள். ‘லாரி மோதி 3 பேர் பலி’ என்று தலைப்புப் போடும் நமக்கு இது புரியாததல்ல. அங்கே யாரும் யாரையும் பலிகொடுக்கவில்லையே!

ஆங்கிலத்தில் ‘ஹிஸ் லைஃப்’ அல்லது ‘ஹிம்செல்ஃப்’ சேர்க்க வேண்டும். ‘கேவ் ஹிஸ் லைஃப்’ இன்னும் இயல்பு. ‘மை பேரண்ட்ஸ் சாக்ரிஃபைஸ்ட் ஃபார் மீ’ என்பதும் சரியான வாக்கியமே. ஆனால் அந்தப் பெற்றோர் உயிரோடு நலமாக இருக்கிறார்கள். பிள்ளைக்காகப் பலவற்றைத் துறந்தார்கள், அவ்வளவே.

‘சாக்ரிஃபைஸ்ட் இன் தி வார்’ என்பதைத் திருத்தப் போய் ‘வேர் சாக்ரிஃபைஸ்ட்’ என்று எழுதுவது முன்னதைவிட மோசம். 2019 மார்ச் இறுதியில் சிசுவானின் லியாங்ஷான் காட்டுத்தீயில் 27 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். சீனச் செய்திகள் அவர்களுக்கு ‘ஷீஷெங்’ என்றே எழுதின. அதை ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக்கினால், யாரோ வேண்டுமென்றே அவர்களைப் பலிகொடுத்ததாகிவிடும். ‘வேர் கில்ட்’ போதும். மரியாதை வேண்டுமென்றால் ‘டைட் இன் தி லைன் ஆஃப் ட்யூட்டி’.

‘ஃபாங்ச்சி’ என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. முயற்சியைக் கைவிடுவது, உரிமையைத் துறப்பது, வாய்ப்பை வேண்டாம் என்பது எல்லாவற்றுக்கும் சீனத்தில் அந்த ஒரே சொல். அதனால் மாணவர்கள் எங்கும் ‘கிவ் அப்’ போடுகிறார்கள். சட்ட உரிமை என்றால் ‘வெய்வ்’தான் பொருந்தும். சீன வினைச்சொல் உருமாறாது என்பதால் ‘கிவ் அப் டு ஸ்மோக்’ என்பதும் அடிக்கடி வரும். ‘ஸ்மோக்கிங்’ என்று திருத்த வேண்டும். ‘இட்’ வந்தால் நடுவில்: ‘கிவ் இட் அப்’.

ஒரு பள்ளிக்காக 30 ஆண்டு உழைத்த ஆசிரியரைப் பற்றி எழுதும்போது ‘சாக்ரிஃபைஸ்’ தேவையில்லை. சீனத்தில் ‘ஃபெங்ஷியான்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது ‘டிவோட்’. பிந்தி எழுந்ததால் காலைச் சாப்பாட்டை விட்டவர் ‘ஸ்கிப்’ செய்தார், அவ்வளவுதான்.