தண்டுவடக் கட்டியைக் காலத்தே கண்டறிந்து சிகிச்சை பெறும் வழி

முதுகுவலி பெரும்பாலும் தசையிலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ வருவதுதான். ஆனால் படுத்தால் கூடி, தூக்கத்தைக் கலைத்து, எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணியும் வலியைத் தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. நடக்கையில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போவதும், குளிக்கும்போது ஒரு காலில் மட்டும் வெந்நீர் சுடாததும், முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் கட்டியால் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கால் திடீரென வலுவிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் குறையில்லை என்றதும் நிம்மதியடைவதுதான் பலர் செய்யும் தவறு. தண்டுவடம் இடுப்பின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுவதால், காலை மரத்துப்போகச் செய்யும் கட்டி கழுத்திலோ மார்புப் பகுதியிலோ இருக்கக்கூடும். ஆகவே முழு முதுகுத்தண்டுக்கும் காண்ட்ராஸ்ட் மருந்து (கட்டியைத் தெளிவாகக் காட்டும் ஊசி மருந்து) செலுத்திப் படம் எடுக்க வேண்டுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசநோயும் நரம்புறை அழற்சியும் படத்தில் கட்டியைப் போலவே தோன்றலாம் என்பதால், கத்தி வைப்பதற்கு முன் அவற்றை விலக்கியாக வேண்டும்.

கட்டியின் வகைதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. எபெண்டிமோமா என்ற வகைக் கட்டிக்குப் பெரும்பாலும் தெளிவான எல்லை உண்டு; முழுவதும் அகற்ற முடிந்தால் பலருக்கு அதுவே போதும். ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வகை தண்டுவடத்தோடு ஊடுருவிப் பரவுவதால், பயாப்ஸி (சோதனைக்குச் சிறு துணுக்கு எடுத்தல்) அல்லது பகுதி நீக்கத்தோடு நிறுத்தி, தேவைப்பட்டால் கதிர்வீச்சு தருவார்கள். ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்ற வகை ரத்தக்குழாய்கள் நிறைந்தது. துண்டு துண்டாக எடுத்தால் ரத்தம் பெருகும். பரம்பரையாகவும் அது வரக்கூடும், அப்போது வேறு உறுப்புகளிலும் கட்டி இருக்கலாம் என்பதால் கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதிப்பது அவசியம்.

அறுவை சிகிச்சைக்கு முன் எந்த அளவு நடக்க முடிந்ததோ, பின்னாலும் பெரும்பாலும் அதை ஒட்டியே நடை அமையும்; தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இத்தகைய கட்டிகளை அடிக்கடி எடுத்த அனுபவம் உண்டா, அறுவையின்போது நரம்புச் சமிக்ஞைகளைத் தொடர்ந்து கண்காணிப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில், 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கிய நரம்பு அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்குமா என்பதை அனுமதிக்கு முன்பே விசாரியுங்கள். அறிக்கைத் தாளை மட்டுமின்றி, படங்களின் சி.டி.யையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் மரத்துப்போதல் கூடுவது உண்டு. இயன்முறைப் பயிற்சியை விடாமல் தொடர வேண்டும். உணர்ச்சி திரும்பும்வரை, காலில் வெந்நீர் ஊற்றுவதற்கு முன் வீட்டில் ஒருவர் கைவிட்டுச் சூடு பார்த்துத் தர வேண்டும்.