மின்கார் பேட்டரியின் கனிமக் கணக்கு: அமெரிக்க வரிச் சலுகை விதியைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்

அமெரிக்காவில் புது மின்கார் வாங்கியவர்களுக்கு 7,500 டாலர் வரை வரிச் சலுகை கிடைத்துவந்தது. 2025 செப்டம்பர் 30-உடன் அது முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்குள் ஒப்பந்தம் போட்டுப் பணமும் கட்டியிருந்தால், வண்டி பிறகு கைக்கு வந்தாலும் உரிமை உண்டு. இந்தச் சலுகைக்கான 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலரைக் குழப்புவது கனிம விதிதான்: பேட்டரியில் உள்ள கனிமங்களின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு அமெரிக்காவிலிருந்தோ அதன் வணிக ஒப்பந்த நாடுகளிலிருந்தோ வந்திருக்க வேண்டும். ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

படி 1: தொகையை இரண்டாகப் பிரியுங்கள்
3,750 டாலர் கனிமங்களுக்கு, 3,750 டாலர் பேட்டரி பாகங்களுக்கு. ஒன்றில் மட்டும் தேறினால் பாதித் தொகை. வண்டியின் இறுதிப் பொருத்துதல் வட அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை.

படி 2: ஒவ்வொரு கனிமமும் வந்த வழியை எழுதுங்கள்
எடையை மறந்துவிடுங்கள்; இங்கே எல்லாம் டாலர் மதிப்புதான். ஒரு கற்பனை பேட்டரியில் 1,500 டாலருக்குக் கனிமங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- லித்தியம் 600 டாலர்: சிலியில் எடுத்து, அமெரிக்காவில் சுத்திகரித்தது
- நிக்கல் 500 டாலர்: இந்தோனேசியாவில் வெட்டி, ஜப்பானில் சுத்திகரித்தது
- கிராஃபைட் 400 டாலர்: முழுக்கச் சீனா

ஒரே கனிமம் இரண்டு சுரங்கங்களிலிருந்து வந்தால் இரண்டு தனி வரிசையாக எழுதுங்கள்.

படி 3: எது தேறும் என்று பாருங்கள்
வெட்டியெடுப்பதிலோ சுத்திகரிப்பதிலோ கூடிய மதிப்பில் பாதியாவது அமெரிக்காவிலோ, அதனுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள நாட்டிலோ கூடியிருந்தால் போதும். சிலிக்கு ஒப்பந்தம் உண்டு, லித்தியம் தேறிவிட்டது. இந்தோனேசியாவுக்கு இல்லை. ஆனால் 2023 மார்ச்சில் கையெழுத்தான கனிம ஒப்பந்தத்தால் ஜப்பான் பட்டியலில் சேர்ந்தது. நம் நிக்கலின் சுத்திகரிப்பு மதிப்பில் பாதிக்கு மேல் ஜப்பானில் கூடியதென்றால் அதுவும் தேறும். சுரங்கம் இருக்கும் நாட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விதியின் உயிரே சுத்திகரிப்பு ஆலையில்தான் இருக்கிறது என்பேன்.

படி 4: சதவீதம்
600 + 500 = 1,100. அதை 1,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 73%. தேவையான அளவு 2023-இல் 40%, பிறகு ஆண்டுக்கு 10 கூடி 2025-இல் 60%. நாம் தாண்டிவிட்டோம்.

படி 5: தடைப் பட்டியல்
சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் இங்கே குடம் பாலில் துளி விஷம் கதைதான். சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகிய நாடுகளின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனத்தின் கை கனிமத்தில் பட்டிருந்தால், 2025 முதல் முழுச் சலுகையும் போய்விடும். வேறு நாட்டில் இயங்கும் நிறுவனத்திலும் இந்த அரசுகளுக்கு 25% பங்கு இருந்தால் அதே கதி. அப்படியானால் நம் கிராஃபைட்? தடம் காண்பது கடினம் என்பதால் அதற்கு 2026 முடிய விலக்கு தந்தார்கள். தயாரிப்பாளர் மாற்றுத் திட்டம் ஒன்றை அரசிடம் கொடுத்திருக்க வேண்டும்.

படி 6: உங்கள் கையில் இருக்க வேண்டியவை
இந்தக் கணக்கை அரசிடம் கொடுப்பது தயாரிப்பாளர் வேலை. டீலர் தரும் விற்பனை அறிக்கையை வாங்கி வையுங்கள். வரித் தாக்கலில் படிவம் 8936-ஐ இணைத்துவிடுங்கள். தனிநபருக்கு ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது. முந்தைய ஆண்டு அதற்குள் இருந்தாலும் போதும்.

ஒப்பந்தம் 2025-இல் போட்டு வண்டி 2026-இல் வந்தால், வண்டி வந்த ஆண்டின் அளவே பொருந்தும். கனிமங்களுக்கு அது 70%. நம் 73% அங்கேயும் தேறும்.