சாரம் கட்டும் முன்பே கவனிக்க வேண்டியவை: பெயிண்டிங் கான்ட்ராக்டில் நாம் செய்யும் தவறுகள்

தக்கலைப் பக்கம் ஆறேழு பேரை வைத்து பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மழை விடும் நாள் பார்த்து ஓட வேண்டியிருக்கும். அந்த ஓட்டத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, "அவன் என் மச்சான், நான் அவனுக்கு முதலாளி இல்லை" என்று நினைப்பது. சதுர அடிக்கு இவ்வளவு என்று வேலையைப் பேசியது நீங்கள், அவனுக்கு நாள்கூலி கொடுப்பதும் நீங்கள் என்றால், சட்டப்படி வேலை கொடுத்தவர் நீங்கள்தான். வேலையில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் ஈடு கட்ட வேண்டும் என்பது 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் முதல் இன்றுவரை மாறாத விதி. "குடித்திருந்தான்", "பெல்ட் போடச் சொன்னேன், கேட்கவில்லை" என்பதெல்லாம் உயிர் போன இடத்தில் எடுபடாது. ஆயுசுக்கும் வேலை செய்ய முடியாமல் முடங்கிப்போனாலும் அப்படித்தான். பில்டரிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்திருந்தால் குடும்பத்தார் அவரிடமும் கேட்கலாம். ஆனால் அவர் கொடுத்ததை உங்களிடம் திருப்பி வசூலிக்க முடியும். தன் குடியிருப்பு வீட்டுக்கு வண்ணம் அடிக்கச் சொன்னவர் மேல் பொதுவாக இந்தப் பொறுப்பு விழுவதில்லை.

களியக்காவிளை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் நடந்த விபத்து என்றாலும் தப்ப முடியாது. குடும்பத்தார் தாங்கள் குடியிருக்கும் இடத்திலேயே இழப்பீடு கேட்டு மனு போடலாம்.

சரி, காப்பீடு? "எல்லோரும் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்கள், பேங்கில் 20 ரூபாய் காப்பீடும் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டும் கண்டிப்பாக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பெயிண்டர்களும் சேரலாம். 18 முதல் 60 வயதுவரை பதியலாம், கட்டணம் இல்லை. புதுப்பிக்க மட்டும் மறக்கக்கூடாது. பிரதமர் சுரக்ஷா பீமாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அது நின்றுபோகும். ஆனால் இவை தொழிலாளியின் குடும்பத்துக்குச் சேர வேண்டியவை. உங்கள் பொறுப்பைத் தீர்க்காது. அதற்கென்று தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஆள் எண்ணிக்கை, கூலி, ஏறும் உயரம் மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க மூன்று பேர் என்று எழுதிவிட்டு எட்டுப் பேரை ஏற்றினால், கேட்கப் போகும் நாளில் கையை விரித்துவிடுவார்கள்.

அடுத்தது, வாய்ப்பேச்சில் வேலையைத் தொடங்குவது. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. குளச்சல் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் வளைகுடாவில், மேற்பார்வைக்கு அவருடைய மைத்துனர். காம்பவுண்டு சுவரையும் அடிக்கச் சொன்னார், அடித்தோம். கணக்குப் பார்க்கும்போது, "நான் சொல்லவே இல்லையே" என்றார் வெளிநாட்டில் இருந்தவர். ஐந்து நாள் கூலி என் கையிலிருந்து போனது. அதிலிருந்து, கூடுதல் வேலை என்றால் பணம் தருகிறவருக்கே வாட்ஸ்அப்பில் தொகையோடு அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் பிரஷ் எடுக்கிறேன். கதவு, ஜன்னலைக் கழித்து அளப்பதா, பட்டி எத்தனை கோட், மெட்டீரியல் யார் பொறுப்பு, மழையில் நின்ற நாளுக்குக் கெடு நீளுமா என்பதையும் எழுதிவிடுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தேதி மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

"ஏழு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது" என்ற வாக்கையும் விட்டுவிடுங்கள். கம்பெனி தரும் வாரன்டி அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. உங்கள் வாக்கு உங்கள் தலையில்தான் விடியும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று சும்மா விடாது. சுவரில் ஓதம் இருந்தால் போட்டோ எடுத்து, வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு பிரைமர் அடியுங்கள். வேலையில் குறை என்று இரண்டு ஆண்டுக்குள் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே உங்கள் பக்கம் பேச அந்தப் போட்டோ இருக்கும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கக்கூடாது.

பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. "அடுத்த ஓணத்துக்கு ஊருக்கு வருவார், அப்போது பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள். கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.